விடுமுறையும் விடுகதையும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், சொற்புதிர்களால் மொழி கற்பது எவ்வாறு என்பது. அதற்கு 'விடுமுறையும் விடுகதையும்' என்று பெயர் சூட்டியிருக்கின்றோம். இரு சொற்களிலும் 'விடு' என்பதே முதனிலையாக நிற்கின்றது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து விடுவிப்பது விடுமுறை. முடிச்சிட்டு மறைத்த பொருளை விடுவிக்கச் சொல்வது விடுகதை. முடிச்சு அவிழ்ந்ததும் கையில் கிடைப்பது விடை. ஒரே வேரிலிருந்து கிளைத்த இம்மூன்றையும் ஒரே வீட்டில் ஒரே நாளில் கூட்டிவைக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

வைட்ஃபீல்டில் குடியிருக்கும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலவழிப் பள்ளிகளில் பயில்கின்றனர். டிசம்பர் மாதம் வந்தால் அவர்கள் கையில் ஒரு தாளைக் காண்கின்றோம். கட்டம் கட்டமாய் எழுத்துகள். அவற்றுள் பண்டிகைச் சொற்கள் ஒளிந்திருக்கும். பனிக்கட்டி, புகைபோக்கி, கலைமான், சறுக்குவண்டி ஆகியவற்றுக்கு உரிய ஆங்கிலச் சொற்களைப் பிள்ளை தேடி வட்டமிடும். அக்டோபர் இறுதியில் பூசணிக்காயும் பேயும் வருகின்றன. ஆங்கிலம் கற்போர்க்கென்று உலகெங்கும் இவ்வகைத் தாள்கள் அச்சாகின்றன. ஒரு திருநாளை மையமாக வைத்து, அதனைச் சுற்றிச் சில சொற்களையும் செய்திகளையும் புதிராக்கித் தருவது ஆங்கில ஆசிரியர்களின் நல்ல பழக்கம்.

இம்முறையை நாம் குறைகூற வரவில்லை. இது பயன்தரும் முறையே. கையில் கொடுக்கப்பட்ட சொல் நழுவிப்போகும். தேடி எடுத்த சொல் நெஞ்சில் தங்கும். நினைவைத் துருவிப் பார்த்து ஒன்றை வெளிக்கொணரும் உழைப்பே அதனை உறுதியாகப் பதியவைக்கின்றது என்று கல்வி உளவியலாரும் ஆய்ந்து கூறியுள்ளனர். ஆனால், புதிர்கள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. எழுத்துக்கூட்டத்தில் சொல்லைத் தேடும் விளையாட்டில் பொருள் தெரிய வேண்டியதில்லை. வடிவம் தெரிந்தால் போதும். குறுக்கெழுத்தில் பொருளும் தெரிய வேண்டும், எழுத்தும் தெரிய வேண்டும். விடுகதையிலோ பொருளையே கண்ணால் கண்டிருக்க வேண்டும்.

இங்கேதான் நம் கவலை தொடங்குகின்றது. புகைபோக்கியைக் கண்டிராத பிள்ளை, அதற்கு உரிய ஆங்கிலச் சொல்லைப் பிழையின்றி எழுதுகின்றது. அதே பிள்ளையிடம் பாட்டி, "உரலில் இடிக்கும் உலக்கைக்கு அடியில் இருப்பதன் பெயர் என்ன?" என்று கேட்டால் பூண் என்று சொல்லத் தெரிவதில்லை. பொருளைக் காணாமல் சொல்லைக் கற்பது ஒரு குறை. பொருள் பக்கத்தில் இருந்தும் சொல்லைக் கல்லாதிருப்பது அதனினும் பெரிய குறை.

சொற்புதிர் என்பது மேலைநாட்டார் நமக்குத் தந்த புதுமை என்று சிலர் எண்ணுகின்றனர். குறுக்கெழுத்துக் கட்டத்தைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் சரியே. லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆர்தர் வின் என்பார் 'நியூயார்க் வேர்ல்டு' என்னும் செய்தித்தாளின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டார். கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டி வந்த இதழ் அது. சதுரமாக இல்லாமல் வைர வடிவில் அமைந்த அக்கட்டத்தில், வேடிக்கை என்று பொருள்படும் 'ஃபன்' என்னும் சொல்லை அவரே நிரப்பி வைத்திருந்தார். லண்டன் 'டைம்ஸ்' இதழ் 1930ஆம் ஆண்டில்தான் குறுக்கெழுத்தை ஏற்றுக்கொண்டது. விடுமுறைக்கும் சொற்புதிருக்கும் உள்ள உறவு அப்பிறப்பிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

ஆனால், சொல்லை மறைத்து வைத்து விடுவிக்கச் சொல்லும் கலை தமிழர்க்குப் பழையது. தொல்காப்பியர் செய்யுளியலில் 'பிசி' என்னும் ஒன்றைக் கூறுகின்றார். ஒன்றை உவமையால் சுட்டி மற்றொன்றை உணரவைப்பது ஒரு வகை. வெளியே தோன்றுவதைச் சொல்லி உள்ளே நிற்பதைத் துணியச் செய்வது மற்றொரு வகை. இன்று நாம் விடுகதை என்று வழங்குவது அதுவே. சில ஊர்களில் அதனை நொடி என்றும் சொல்வர்.

புலவர்கள் இதனைச் சித்திரகவி என்னும் பெயரால் மேலும் வளர்த்தனர். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாய் வருவது மாலைமாற்று. ஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் அவ்வாறே பாடினார். அடிக்கு எட்டெழுத்தாய் நான்கடி அமைத்து, நேராகப் படித்தாலும் குளத்து நீர்போல் சுழன்று உள்ளே சென்று படித்தாலும் அதே செய்யுள் வருமாறு பாடுவது சுழிகுளம். முப்பத்திரண்டு எழுத்துகளைக் கட்டத்தில் அடைத்து ஆடிய ஆட்டம் அது. ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாய் நீக்க, ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தரும் சொல் எஞ்சுவது அக்கரச்சுதகம். பெயர் கடினமாக இருக்கின்றதே என்று இளஞ்செல்வங்கள் அஞ்ச வேண்டா. 'கவிதை' என்று எழுதுங்கள். முதலெழுத்தை நீக்குங்கள், 'விதை' கிடைக்கும். இன்னும் ஓரெழுத்தை நீக்குங்கள், 'தை' கிடைக்கும். விதைத்தவன் அறுவடை செய்யும் மாதம் அதுவே அன்றோ!

ஆங்கிலத்திலும் இத்தகைய இன்பங்கள் உண்டு. 'லிசன்' என்றால் செவிகொடுத்தல். அச்சொல்லின் ஆறு எழுத்துகளையும் மாற்றி அடுக்கினால் 'சைலன்ட்' என்னும் சொல் வரும். அதன் பொருள் பேசாதிருத்தல். செவிகொடுக்க விரும்புவோன் வாய்பேசாதிருக்க வேண்டும் என்னும் அறத்தை எழுத்துகளே சொல்லிவிடுகின்றன.

ஒரு மொழியின் எழுத்தில் அமைந்த விளையாட்டை மற்றொரு மொழியின் எழுத்துக்கு அப்படியே மாற்ற இயலாது. 'மலையாளம்' என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் இருபுறமும் ஒன்றாகவே படிக்கலாம். தமிழெழுத்தில் எழுதினால் அவ்வாறு வாராது. காவிரி பிறக்கும் குடகு மலையின் பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள். கு, ட, கு; இருபுறமும் ஒன்றே. அதனையே கன்னடத்தில் 'கொடகு' என்று எழுதினால் அவ்வழகு மறைந்துவிடும். நம் வீட்டிலேயே மாலைமாற்றுகள் நடமாடுகின்றன. பாப்பா ஒரு மாலைமாற்று. தாத்தா ஒரு மாலைமாற்று. மாமா ஒரு மாலைமாற்று. இலங்கைத் தமிழர் நாளைக் குறிக்க வழங்கும் 'திகதி' என்னும் சொல்லும் அவ்வினத்ததே.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்; ஒவ்வொரு கட்டத்திலும் அவற்றுள் ஒன்று நிற்கும். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஒரு கட்டத்தில் ஓர் உயிர்மெய் முழுமையாக நிற்கும். 'பொங்கல்' என்பது ஆங்கில எழுத்தில் ஆறு கட்டம். தமிழில் பொ, ங், க, ல் என்று நான்கே கட்டம். அதன் மூன்றாம் கட்டத்திலிருந்து கீழ்நோக்கிக் 'கரும்பு' இறங்கலாம். 'காப்பு' இறங்க இயலாது. க வேறு, கா வேறு. இரண்டாம் கட்டத்தில் ஙகரமெய் நிற்கின்றது. அதனைக் கடந்து மேலிருந்து கீழே எச்சொல் வரும்? ச, ங், க, ம், 'சங்கம்' வரும். பொங்கலும் சங்கமும் ஓரிடத்தில் கூடுவதற்கு இலக்கணமே இடம் தந்துள்ளது!

இன்னொன்றையும் நோக்குங்கள். தமிழ்ச்சொல் எதுவும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்குவதில்லை. ஆகவே, புள்ளியெழுத்து நிற்கும் கட்டம் எந்தச் சொல்லுக்கும் முதற்கட்டமாக இருக்க முடியாது. க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்களில் தமிழ்ச்சொல் முடிவதும் இல்லை. ஆகவே அவை கடைசிக் கட்டமாகவும் இருக்க முடியாது. மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று இலக்கண நூல்கள் நூற்பா வகுத்துச் சொல்வதை, பத்து வயதுப் பிள்ளை ஒரு குறுக்கெழுத்தை இயற்ற முயலும் அரைமணி நேரத்தில் தானே கண்டுகொள்ளும். லட்டு என்று எழுதினால் மூன்று கட்டம், இலக்கணப்படி இலட்டு என்று எழுதினால் நான்கு கட்டம். எது வேண்டும் என்று பிள்ளைகள் வழக்காடத் தொடங்கினால், அவ்வீட்டில் இலக்கணம் உயிர்பெற்றுவிட்டது என்று நாம் மகிழலாம்.

ஆங்கிலம் கற்கும் பிள்ளைக்குத் தமிழ் தடையாகும் என்று அஞ்சுவோர் நம்மிடையே உளர். அவ்வச்சத்துக்குப் பண்டிகைச் செய்திகளிலிருந்தே விடை கூற விரும்புகின்றோம். 'ஹாலிடே' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பிரித்தால் புனிதமான நாள் என்பது பொருள். அதற்கு நேரான தமிழ்ச்சொல் திருநாள். ஆங்கிலத்தில் அச்சொல் நாளடைவில் வேலையில்லாத நாளையும் குறிக்கலாயிற்று. நாமோ திருநாள் என்றும் விடுமுறை என்றும் இருவேறு சொற்களை வைத்திருக்கின்றோம். திருநாள் எது, விடுமுறை எது என்று பகுத்தறியும் பிள்ளைக்கு அவ்வாங்கிலச் சொல்லின் வரலாறும் விளங்கிவிடும்.

நவம்பர் பதினோராம் மாதம். அப்பெயரில் ஒன்பது என்னும் எண் இருப்பது ஏன்? பண்டை ரோமாபுரியில் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்கிற்று. ஆகவே நவம்பர் அவர்களுக்கு ஒன்பதாம் மாதம். இலத்தீன் மொழியில் செப்டெம், ஆக்டோ, நோவெம், டெகெம் என்பன ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. ஆங்கிலம் மட்டும் கற்ற பிள்ளை இவற்றை உருப்போட வேண்டும். சப்தகன்னியர், அஷ்டமி, நவராத்திரி, விசயதசமி என்னும் பெயர்களை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கோ உருப்போட வேண்டிய தேவையே இல்லை. வடமொழியும் இலத்தீனும் ஒரு குடும்பத்து மொழிகள். அவ்வடமொழி எண்கள் நம் பண்டிகைப் பெயர்களில் என்றோ குடியேறிவிட்டன.

கிழமைகளை நோக்குங்கள். 'சன்டே' ஞாயிற்றின் நாள். 'மன்டே' திங்களின் நாள். 'சாட்டர்டே' சனியின் நாள். நடுவிலுள்ள நான்கும் டியூ, வோடன், தோர், ஃபிரிக் என்னும் பழைய வடஐரோப்பியத் தெய்வங்களின் பெயர்கள். ரோமர் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்னும் கோள்களுக்கு உரியவாக வைத்த நாள்களைத்தான் அவர்கள் தம் தெய்வங்களின் பெயரால் வழங்கினர். இரண்டு வரிசையையும் எதிரெதிரே எழுதிப் பிள்ளைகளைக் கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். ஆங்கிலமும் வளரும், தமிழும் வளரும், வானநூலும் சிறிது வளரும்.

ஊரிலிருந்து அண்மையில் வந்து, கடைக்கும் மருத்துவமனைக்கும் வேண்டி ஆங்கிலம் பழகும் தாய்மார்களும் இங்கே உள்ளனர். அவர்களுக்கு ஒரு சொல். ஆங்கில அகராதி உங்களுக்கு முழுவதும் அயலார் வீடு அன்று. கட்டுமரம் அங்கே 'கட்டமரன்' ஆகி நிற்கின்றது. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத் தண்ணீர் 'மல்லிகடானி' என்னும் பெயரில் சாறாகி விருந்தில் அமர்ந்திருக்கின்றது. பந்தல் 'பண்டால்' என்று வழங்குகின்றது. மாங்காய் போர்ச்சுகீசியர் வாய்வழியாகச் சென்று 'மாங்கோ' ஆயிற்று. நம் வீட்டிலிருந்து புறப்பட்டுச் சென்ற சொற்களைக் கண்டுபிடிப்பதையே முதற்புதிராக வைத்துக்கொண்டால், புதுமொழி கற்கும் நாணம் பாதி நீங்கிவிடும்.

இனி, நாம் வாழும் இவ்வூரைப் பற்றிச் சிறிது பேசுவோம். வைட்ஃபீல்டு என்னும் பெயரே ஒரு புதிர். வெள்ளை வயல் என்று மொழிபெயர்த்தால் விடை தவறு. மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையார் 1882ஆம் ஆண்டில் ஆங்கிலோ இந்தியர் குடியேறி உழுது வாழ்வதற்காக 3,900 ஏக்கர் நிலத்தை அவர்களுடைய சங்கத்துக்கு வழங்கினார். அச்சங்கத்துக்கு வழிகாட்டிய டி. எஸ். ஒயிட் என்பாரின் பெயரே ஊர்ப்பெயர் ஆயிற்று. ஆகவே இது வெள்ளை வயல் அன்று. ஒயிட் என்பாரின் வயல். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கிட்டிவிடும் என்று எண்ணும் பிள்ளைக்கு இதனினும் நல்ல பாடம் வேறில்லை.

அவ்வாங்கிலோ இந்தியக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் பலகாரங்களுள் 'குல்குல்' ஒன்று. 'ரோஸ் குக்கி' மற்றொன்று. பின்னதைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது நம் அச்சு முறுக்கு! கண்டிராத பனிக்கட்டியையும் கலைமானையும் கொண்டு கிறிஸ்துமஸ் புதிர் அமைப்பதைவிட, இவ்வூர் அடுப்பில் வெந்த பலகாரத்தைக் கொண்டு அமைத்தால் ஆங்கிலச் சொல்லும் நிலைக்கும், அண்டை வீட்டு உறவும் நிலைக்கும்.

நாம் கன்னட நாட்டில் வாழ்கின்றோம். கன்னடம் கல்லாத தமிழ்ப்பிள்ளை இங்கே பாதி ஊமை. அதனைக் கற்பதற்கும் புதிரே எளிய வழி. தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் பகரத்தில் தொடங்கும். வெல்லம் அங்கே பெல்ல, வேர் பேரு, வேலி பேலி, வெண்ணெய் பெண்ணெ. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும். பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு. பழங்கன்னடத்தில் அவர்களும் பகரமே வழங்கினர். பின்னரே அது ஹகரமாய் நெகிழ்ந்தது. இவ்வொரு திறவுகோலைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, 2023ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் வைட்ஃபீல்டுக்கு வந்துசேர்ந்த மெட்ரோ ரயிலில் ஏற்றிவிடுங்கள். குந்தலஹள்ளி, நல்லூரஹள்ளி என்று பலகைகள் வரும். ஹகரத்தை நீக்கிப் பகரத்தை வைத்தால் ஹள்ளி பள்ளியாகும். பள்ளி என்பது பாடசாலைக்கு மட்டும் பெயரன்று, சிற்றூர்க்கும் பெயர். திருச்சிராப்பள்ளி என்று ஊரில் வழங்குவதும் ஈங்கு ஹள்ளி என்று வழங்குவதும் உறவினச் சொற்கள். சீதாராமபாளையா என்னும் நிலையத்தில் நம் பாளையம் நிற்கின்றது. அயலூர் என்று எண்ணி ஏறிய பிள்ளை, உறவினர் ஊர் என்று உணர்ந்து இறங்கும்.

தை முதல்நாள் இங்கே சங்கராந்தி. எள்ளும் வெல்லமும் கலந்து வீடுதோறும் தந்து, இனிய சொல் பேசுமாறு வேண்டிக்கொள்வது கன்னட மக்களின் வழக்கம். நாம் பொங்கலைத் தட்டில் வைத்துக் கொடுக்கின்றோம். அந்நாளுக்கு உரிய ஒரு வினா. தமிழ்நாட்டுக்கும் கருநாடகத்துக்கும் பெயர் சூட்டப்பெற்ற நாள்களுக்குள் என்ன ஒற்றுமை? சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், பொங்கலை ஒட்டி. மைசூர் மாநிலம் கருநாடகம் ஆனது 1973ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், ராஜ்யோத்சவத்தன்று. இரண்டும் திருநாளை ஒட்டிப் பெயர் பெற்றன. இன்னொரு வினா. ஈரடியால் பாடியவர் சிலை இந்நகரிலும், மூவடியால் பாடியவர் சிலை சென்னையிலும் திறக்கப்பட்டது எப்போது? 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அல்சூரில் திருவள்ளுவர் சிலையும் அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையும் சில நாள் இடைவெளியில் திறக்கப்பட்டன. அச்சர்வக்ஞரின் மூவடிப் பாக்களில் விடுகதைகளும் உண்டு. கன்னடத்தார் விடுகதையை ஒகட்டு என்பர்.

இத்தகைய போட்டிகளை நடத்தும்போது, பரிசு வைக்கலாமா என்று சங்கத்தில் கேட்கப்படுவதுண்டு. இதற்கு விடை கூற, இந்நகரோடு தொடர்புடைய ஒரு வழக்கை நினைவூட்டுகின்றோம். பெங்களூரிலிருந்து வெளிவந்த 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்னும் இதழின் வாயிலாக 'ஆர்.எம்.டி.சி.' குறுக்கெழுத்துப் போட்டி நடந்துவந்தது. பம்பாய் மாநிலத்திலிருந்தும் மக்கள் பணம் கட்டி விடை அனுப்பினர். அவ்வரசு வரியும் கட்டுப்பாடும் விதிக்க, வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. ஒரு குறிப்புக்கு இரு சொற்கள் பொருந்தும். அவற்றுள் எது சரி என்பதை நடத்துவோர் முன்னரே முடிவு செய்திருப்பர். அறிவுள்ளவனும் ஊகித்தே எழுத வேண்டும். இது சூதாட்டமே என்று 1957ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே 1955ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பரிசுப்போட்டிச் சட்டம், மாதப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டலாகாது என்று வரம்பு கட்டிற்று.

இவ்வழக்கில் நமக்கொரு படிப்பினை உண்டு. விடை ஒருவனுடைய பெட்டியில் பூட்டிக் கிடந்தால் புதிர் சூதாகின்றது. விடை எல்லாரும் காணும் பொருளில் கிடந்தால் புதிர் கல்வியாகின்றது. பணம் முன்னே வந்தால் பெற்றோரே விடையை எழுதிக் கொடுப்பர். பிள்ளை வெறும் கையொப்பம் இடும். ஆகவே பணப்பரிசு வேண்டா. விடை கண்ட பிள்ளையை மேடையேற்றி, அடுத்த விடுகதையை அவையோர்க்குப் போடும் உரிமையைத் தருவோம். அதுவே பெரும்பரிசு.

இப்போது, நெஞ்சில் இருக்கும் செய்தியைச் சொல்லிவிடுகின்றோம். மாலையில் நம் குடியிருப்பின் பூங்காவைப் பாருங்கள். மகனுக்கும் மகளுக்கும் துணையாக, பேரப்பிள்ளையை வளர்க்க ஊரைவிட்டு வந்த பெரியோர் பலர் அங்கே அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்கு இவ்வூர் மொழியும் தெரியாது. பேரப்பிள்ளை பேசும் மொழியும் விளங்காது. பாட்டி தமிழில் கேட்கின்றார். பேத்தி ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் விடை சொல்லிவிட்டு ஓடிவிடுகின்றது. முதல் தலைமுறை பேசிய மொழி, இரண்டாம் தலைமுறைக்குக் கேட்டுப் புரிந்துகொள்ளும் மொழியாகச் சுருங்குகின்றது. மூன்றாம் தலைமுறைக்கு அதுவும் இல்லாமற் போகலாம். அறுபது எழுபது ஆண்டு சேர்த்த சொற்செல்வத்தை மடியில் வைத்துக்கொண்டு, கேட்பார் இன்றி அவர்கள் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் ஊர் திரும்பிவிட்டாலும், மறைந்துவிட்டாலும் அவ்விடைகளும் உடன் சென்றுவிடும். வினா மட்டும் நம்மிடம் எஞ்சும்.

பள்ளித்தாளில் உள்ள புதிருக்குப் பாட்டியிடம் விடை இல்லை. திருநாட்புதிருக்கோ பாட்டியிடம் மட்டுமே விடை உண்டு. ஆகவேதான் திருநாளையும் விடுகதையையும் கூட்டிவைக்கச் சொல்கின்றோம். அந்நாளில் சொல்லும் இருக்கின்றது, சொல்லுக்கு உரிய பொருளும் வீட்டில் இருக்கின்றது, அதனை அறிந்த பெரியவரும் இருக்கின்றார். ஆண்டு முழுவதிலும் இம்மூன்றும் ஒன்றாய்க் கூடும் நாள்கள் சிலவே. அவற்றைத் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் கொடுத்துவிடலாமா?

செய்ய வேண்டுவது மிகுதியன்று. ஒரு திருநாளுக்குப் பத்துச் சொற்கள் போதும். பொங்கலுக்குப் பானை, கரும்பு, மஞ்சட்கொத்து, கோலம், அகப்பை, பச்சரிசி, வெல்லம், பூளைப்பூ, காப்பு, கன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளையும் பிள்ளை தொட்டுப் பார்க்கட்டும். பெரியவர் பெயர் சொல்லட்டும். எதற்குப் பயன் என்றும் சொல்லட்டும். பின்னர்ப் பிள்ளையே புதிரை இயற்றட்டும். விடுவிப்போனைவிட இயற்றுவோனுக்கே மொழி மிகுதியாகக் கைவரும். தமிழில் இயற்றியதை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் மாற்றி, பள்ளித் தோழர்க்கும் அண்டை வீட்டார்க்கும் போடட்டும். எழுத்தறியாத சிறு பிள்ளைக்கு வாய்மொழி விடுகதை போதும்.

எடுத்துக்காட்டாக மூன்றைப் போடுகின்றோம். இளஞ்செல்வங்கள் கூர்ந்து கேட்க வேண்டும். 'கழுத்திலே மஞ்சள், வயிற்றிலே பால். கோபித்துக் கொதித்தெழுந்தால் வீடெல்லாம் கொண்டாட்டம். யார்?' இரண்டாவது: 'விடியலில் வாசலில் பிறப்பாள், எறும்புக்குச் சோறிடுவாள், மாலைக்குள் மறைந்துபோவாள். யார்?' மூன்றாவது: 'கணுக்கணுவாய் வளர்ந்தவன், அடியிலே இனிப்பான், நுனியிலே சப்பென்றிருப்பான். யார்?'

இவற்றுக்கு விடையை இம்மேடையில் நாம் சொல்லப்போவதில்லை. இவ்விழா மலரிலும் அச்சிடப்போவதில்லை. வீட்டுக்குச் செல்லுங்கள். தாத்தாவிடம் கேளுங்கள், பாட்டியிடம் கேளுங்கள். அவர்கள் ஊரில் இருந்தால் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். அவர்கள் விடை சொன்ன பிறகு, "உங்களுக்குத் தெரிந்த விடுகதை ஒன்று போடுங்கள்" என்று தமிழிலேயே கேளுங்கள். அவ்வொரு வினாவுக்காக அவர்கள் எத்தனை நாள் காத்திருந்தனர் என்பதை அவர்கள் குரலே உங்களுக்குச் சொல்லும்.

தமிழில் விடை என்னும் சொல்லுக்கு மறுமொழி என்றும் பொருள். பிரிந்து செல்ல இசைவு என்றும் பொருள். முதற்பொருளில் உள்ள விடையை உங்கள் இல்லத்துப் பெரியோரிடம் விட்டுவிட்டு, இரண்டாம் பொருளில் உள்ள விடையை இவ்வவையிடம் பெற்றுக்கொள்கின்றோம்.